ஒரு முடுக்கு, இரண்டு கேமரா

கோர்ட் கமிஷனுக்குப் போக எந்தக் கேமரா வாங்கலாம் என்று இந்த ஒரு மாதத்தில் ஜூனியர் வக்கீல்களான உங்களில் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தி, அவளுடைய அண்ணன் கல்யாண வீடுகளில் படம் எடுத்துக் கழித்துப் போட்ட பழைய டி.எஸ்.எல்.ஆர். சும்மா கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளவா என்கிறாள். இன்னொருவன் சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னக் கேமரா ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறான். மூன்றாவது ஆள், போன் இருக்கும்போது கேமரா எதற்கு அக்கா என்று கேட்டதோடு நிற்காமல் எனக்குப் புத்தியும் சொன்னார்.

போன்காரருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதில் யாராவது அழைப்பார்கள், அது போகட்டும். படம் எடுத்த கருவியைக் கொண்டுவா என்று நாளைக்குக் கோர்ட்டில் கேட்டால், வீட்டு விசேஷம், மாமியாரோடு போட்ட சண்டை எல்லாவற்றோடும் சேர்த்து அதை மேசைமேல் வைத்துவிட்டு நிற்க வேண்டும். உங்களுக்கு மனசு வந்தால் போனிலேயே எடுங்கள். எனக்கு வரவில்லை.

மற்ற இரண்டு ஜாதிக் கேமராவும் என்னிடம் உண்டு. டி.எஸ்.எல்.ஆர். டவுணில் ஒரு ஸ்டுடியோக்காரர் புதியது வாங்கியபோது எனக்குக் கொடுத்தது. தோளில் மாட்டினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டும். சின்னது, என் தங்கை வீட்டுக்காரர் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. கைப்பையில் சாவிக்கொத்தோடு கிடக்கும். போன வருடம் வக்கீல் அங்கியை மடித்து வைக்கும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொண்டு போயிருக்கிறேன். எது நல்லது என்று சொல்வதற்கு முன்னால், அவை என்னை எப்படி முட்டாளாக்கின என்று சொல்ல வேண்டும். தப்பு செய்தவள் சொல்வதைக் கேட்டால் உங்களுக்கு ஒரு தப்பாவது மிச்சமாகும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு இடத்தைப் பற்றி வழக்கு என்றால், நீதிபதி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்து, போய்ப் பார்த்து, அளந்து, படம் எடுத்து அறிக்கை கொடுக்கச் சொல்வார். கமிஷனருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. இருப்பதை இருக்கிறபடி எழுத வேண்டும், அவ்வளவுதான். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும்.

பெரிய கேமராவில் ஒரு தொல்லை உண்டு. அதை வெளியே எடுத்தால் ஊரே தலைவாரிக்கொண்டு வந்துவிடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வழக்கில், வேலியோரத்து மரங்களை எண்ணிப் படம் எடுக்கப் போனேன். பிரதிவாதி வீட்டில் அத்தனை பேரும் மரத்துக்கு முன்னால் வரிசையாக நின்றுவிட்டார்கள். "எல்லாரும் ஒண்ணா நிக்கது எப்பவாச்சும்தான், ஒரு படம் எடுத்துக் குடுங்கம்மா" என்றாள் அந்த வீட்டு மருமகள். எடுத்த படத்தில் பதினோரு முகமும் அரைத் தென்னையும் இருந்தன. அதற்கப்புறம் நான் சின்னக் கேமராவையே அதிகம் எடுத்துப் போனேன். அது வெளியே வந்ததே யாருக்கும் தெரியாது. அதனால் அது யோக்கியமான கேமரா என்று ஒரு நம்பிக்கையும் எனக்கு வந்துவிட்டது. அந்த நம்பிக்கை ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் போயிற்று. பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

அந்த ஊரில் ஒரு முடுக்கு. முடுக்கு என்றால் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே போகிற சந்து, நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே கடைசியில் ஒரே ஒரு வீடு. அதில் சுடலைமுத்து என்பவரும் அவர் மனைவி இசக்கியம்மாளும் இருந்தார்கள். சுடலைமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தடவை தவறினால் மூச்சு முட்டும், இரண்டு தடவை தவறினால் ஆள் இல்லை. காலில் வீக்கம், நடக்க முடியாது. முன்பெல்லாம் ஆட்டோ வாசல் வரைக்கும் வரும்.

முடுக்கின் ஓரத்து வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. வீட்டைப் புதுப்பித்துக் கட்டியபோது முடுக்குப் பக்கம் ஒரு பின்வாசல் திறந்து, மூன்று படி போட்டார். அன்றிலிருந்து ஆட்டோ உள்ளே வருவதில்லை. நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தெரு வரை தூக்கிப் போக வேண்டும். தூக்குவதற்கு ஆள் கிடைக்காத ஒரு நாள், சுடலைமுத்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் இசக்கியம்மாள் கோர்ட்டுக்கு வந்தாள். படியை எடுக்கச் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கு முடிவதற்கு முன்பே. அவளிடம் காத்திருக்க நாள் இல்லை.

நான் கமிஷனர். போன நாள் மழைக் கோலமாக இருந்தது. மேற்கே மலை தெரியவில்லை. பெரிய கேமராவை நனைக்க மனமில்லாமல் சின்னதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அளவெடுப்பதில் நம் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. டேப்பின் ஒரு முனையை வாதி பக்கத்து ஆள் பிடிப்பார், மறு முனையைப் பிரதிவாதி பக்கத்து ஆள். இழுத்தான், விட்டான் என்று பின்னால் யாரும் பேசக் கூடாது என்பதற்காக. அன்று இசக்கியம்மாளின் தம்பி ஒரு சுவரில் டேப்பை அழுத்திப் பிடித்தான். அண்ணாச்சியின் கடைப் பையன் எதிர்ச் சுவரில். ஒருவர் கண்ணை ஒருவர் முறைத்துக்கொண்டு, இருவரும் நெஞ்சு உயரத்தில் பிடித்தார்கள். முறைக்கிற இரண்டு பேர் குனிய மாட்டார்கள். மூன்று இடத்தில் அளந்தோம். மூன்று இடத்திலும் சுவருக்குச் சுவர் ஐந்தடி பத்து அங்குலம். நான் எழுதிக்கொண்டேன்.

"அம்மா, அந்தப் படி..." என்றாள் இசக்கியம்மாள்.

"எழுதியாச்சு" என்றேன். எழுதித்தான் இருந்தேன். 'பிரதிவாதி வீட்டின் பின்வாசலில் மூன்று படிகள் உள்ளன.' அது எவ்வளவு தூரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதவில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. தெருமுனையில் நின்று, உள்ளே பார்த்து, நாலைந்து படம் எடுத்தேன். கிளம்பிவிட்டேன்.

அறிக்கை போனது. இடைக்கால மனு விசாரணைக்கு வந்த அன்று அண்ணாச்சியின் வக்கீல் வாய்க்கு வேலையே கொடுக்கவில்லை. என் படத்தை நீட்டினார். அளவை வாசித்தார். ஒரு ஆட்டோவின் அகலம் நாலேகால் அடி. முடுக்கு ஐந்தடி பத்து அங்குலம். படமோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, டவுணில் தேர் ஓடுகிற வீதி மாதிரி இருந்தது. இரண்டு சுவரும் முன்னால் அகலமாக விரிந்து கிடந்தன. படி எங்கோ தூரத்தில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மனு தள்ளுபடியானது. நீதிபதியை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று மத்தியானம் கோர்ட் வளாகத்து வேப்ப மரத்தடியில் இசக்கியம்மாள் என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கையில் அந்தப் படத்தின் நகல் இருந்தது.

"அம்மா, இந்தப் படத்துல இருக்க முடுக்குல ஆட்டோ போவும்னு எனக்கே தோணுது. எங்க முடுக்குலதான் போவ மாட்டேங்கு. இந்தப் படத்துல இருக்க முடுக்க எங்களுக்கு வாங்கித் தாங்கம்மா."

கேலியாகச் சொல்லவில்லை. அவளுக்கே உண்மையில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. இத்தனை வருடம் வக்கீலாக இருந்து, எத்தனையோ பேரைக் குறுக்கு விசாரணை செய்தவள், ஒரு படம் பொய் சொல்லுமா என்று அதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு கேமராவையும் எடுத்து வைத்தேன். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் துணி காயப் போடுகிற ஒரு சந்து இருக்கிறது. அதில் பாதித் தூரத்தில் ஒரு ஸ்டூலைச் சுவரோரமாகப் போட்டேன். அதுதான் படி. சந்து வாசலில் நின்று சின்னக் கேமராவில் எடுத்தேன். சந்து மைதானமாகிவிட்டது, ஸ்டூலைக் காணோம். பெரிய கேமராவில் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வேலி வரை பின்னால் போய் நின்று எடுத்தேன். இப்போது சந்து சுவரில் விழுந்த வெடிப்பு மாதிரி இருந்தது. ஸ்டூல் வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு ஆட்டோ என்ன, ஒரு பூனை கூடத் தாண்டாது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னது பொய், பெரியது மெய் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் ஏதோ உறுத்தியது. மறுநாள் காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இன்னொன்று செய்து பார்த்தேன். சின்னக் கேமராவை எடுத்துக்கொண்டு அதே எதிர்வீட்டு வேலிக்குப் போய், அதன் ஜூமை முடிந்த மட்டும் இழுத்து எடுத்தேன். வெடிப்பு! பெரிய கேமராவைச் சந்து வாசலுக்குக் கொண்டுவந்து அகல லென்ஸில் எடுத்தேன். மைதானம்! பக்கத்து வீட்டு டீச்சர் மதில் மேலாக எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஸ்டூலுக்குக் கல்யாணமா, இத்தன போட்டோ?" என்றார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை. இரண்டு கேமராவும் ஒரே பேச்சைத்தான் பேசின. இடம் மாறி நின்றது நான்தான். கிட்டே நின்றால் கிட்டே இருப்பது பெரிதாகும், தள்ளி இருப்பது சிறுத்துப் போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், என் கையில் கேமரா இருந்ததால் எனக்குத் தெரியாமல் போயிற்று.

இதற்குள் இசக்கியம்மாளின் வக்கீல் என் அறிக்கைக்கு ஆட்சேபணை போட்டு, கமிஷனர் மறுபடியும் போய்ப் படியின் நீட்டத்தையும் அளக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டார். மறுபடியும் நான். அந்த முறை பெரிய கேமரா, நீள லென்ஸ், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பது என்று மனசுக்குள் எல்லாம் தயார் செய்துவிட்டேன். அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் நாற்காலியில் தொங்கிக்கொண்டு போகிறார், அதற்கு என் படமும் ஒரு காரணம். என் தப்பை நானே சரி செய்யப் போகிறேன் என்று எனக்கு ஒரே வேகம்.

என் ஆபீசில் ஒரு குமாஸ்தா இருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், என் சீனியரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவர். மேசையில் கிடந்த ஸ்டூல் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நான் என் திட்டத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"போன தடவ அண்ணாச்சிக்கு வக்கீலா போயிட்டு வந்திய. இந்தத் தடவ அந்த அம்மாவுக்கு வக்கீலா போறியளாக்கும்?"

அறைந்தது போல இருந்தது. "அப்ப என்னதான் செய்ய?" என்று அவர் மேல் பாய்ந்தேன்.

"எனக்கென்னம்மா தெரியும்? நான் கேமராவத் தொட்டதே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, எங்கே தப்பு என்று அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். படியைத் தாண்டி, முடுக்கின் கடைசியில், ஒரு புள்ளி. இன்னும் பெரிதாக்கினேன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள். வலது கை தலைக்கு மேலே தூக்கி இருந்தது. வெயிலுக்குக் கண்ணை மறைத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். சுடலைமுத்து! எந்த மனுஷருக்காக இந்த வழக்கோ, அவர் என் படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறார். கோர்ட்டில் யாருமே பார்க்கவில்லை. எடுத்த நானும் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து இந்த முடுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு ஆவல் எனக்கு வந்தது. அதுவரை அந்தப் பக்கம் நான் போய் நின்றதே இல்லை.

இரண்டாவது முறை போனபோது இரண்டு கேமராவும் கொண்டு போனேன். தெருமுனையிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"பெருசுல எடுங்கம்மா, அதுதான் தெளிவா விழும்" என்றான் இசக்கியம்மாளின் தம்பி.

"அதெப்படி? போன தடவ சின்னதுல எடுத்தியல்லா? அதுலயே எடுங்க. அது என்ன, ஆளுக்கு ஒரு கேமராவா?" என்றார் அண்ணாச்சியின் வக்கீல். இரண்டு பக்கமும் என் கேமராவுக்குக் கட்சி பிரிந்து நின்றார்கள்.

நான் முதலில் டேப்பை எடுத்தேன். பிடிக்க வந்த இருவரையும் இந்த முறை தரையில் உட்காரச் சொன்னேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். படியின் விளிம்பிலிருந்து எதிர்ச் சுவர் நாலடி ஒரு அங்குலம். ஆட்டோவுக்கு இரண்டு அங்குலம் பற்றாது.

"ரெண்டு அங்குலம் ஒரு கணக்காம்மா?" என்றார் அண்ணாச்சி. அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். தன் வீட்டுப் படி ஒரு மனுஷரின் வழியை மறிக்கிறது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. "ஆட்டோ தாராளமா போவும். வாரவனுக்கு ஓட்டத் தெரியல. நான் கட வைக்கதுக்கு முன்ன எட்டு வருசம் ஆட்டோ ஓட்டுனவன். எனக்குத் தெரியாதா?"

சுடலைமுத்துவை ஏற்றிப் போக வந்த ஆட்டோ தெருவில் நின்றது. அன்று அவருக்கு ஆஸ்பத்திரி நாள். எனக்கு அந்த நொடியில்தான் புத்தி வந்தது. கேமராவைப் பற்றி இவ்வளவு யோசித்தவளுக்கு ஆட்டோவைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

"அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவருடைய வக்கீல் கையைப் பிடித்து இழுத்தார். அண்ணாச்சி உதறினார். எட்டு வருடத்து ரோஷம் அது. ஆட்டோக்காரர் மட்டும், "கோடு விழுந்திரும் அண்ணாச்சி" என்று முனகினார்.

"விழுந்தா நம்ம கடைலதானலே பெயிண்ட் இருக்கு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

நான் அதற்கு முன்னாலேயே முடுக்குக்குள் நடந்து சுடலைமுத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டேன். அவர் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி இருந்தது. நான் அவருக்குப் பக்கத்தில் தரையில் குந்தி, அவர் கண் உயரத்தில் இருந்து பார்த்தேன். முடுக்கில் முதலில் தெரிந்தது படிதான். அதற்குப் பின்னால்தான் தெரு.

அண்ணாச்சி நன்றாகத்தான் ஓட்டினார். எதிர்ச் சுவரை உரசாமல் உரசி, முன்சக்கரத்தைப் படியைத் தாண்டிக் கொண்டுவந்தார். ஆட்டோவுக்கு மூக்கு ஒடுக்கம், அது வந்துவிட்டது. ஜெயித்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது பின்பக்கம் கிரீச் என்றது. பின்சக்கரம் படியில் முட்டி, உடம்பு எதிர்ச் சுவரில் இறுகிவிட்டது. முன்னால் வரவில்லை. ரிவர்ஸ் போட்டார். பின்னாலும் போகவில்லை.

"ஏலே, பின்னால இழுங்கலே!"

"ஆள் எறங்கினாத்தான் அண்ணாச்சி தூக்க முடியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இறங்குவதற்குப் படிக்கு இந்தப் பக்கம் ஒன்றரை அடி இருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையில் பாதி, சுவர்ச் சுண்ணாம்பு. தெருவுக்குத் திரும்பலாம் என்றால் வழியை அவரே அடைத்திருக்கிறார். அவருக்கு இருந்தது ஒரே வழி, முன்னால், சுடலைமுத்து வீட்டுக்கு. வழக்கு வந்ததிலிருந்து அவர் மிதிக்காத வாசல்.

தயங்கித் தயங்கி வந்தார். முகமெல்லாம் வேர்வை. சுடலைமுத்துதான் முதலில் பேசினார்.

"பைய வாங்க அண்ணாச்சி. இங்கன நிழல்ல நில்லுங்க. தண்ணி குடிக்கியளா?"

நாற்காலிக்கு அடியில் ஒரு சின்னச் செம்பு இருந்தது. அதை எடுத்து நீட்டினார். அண்ணாச்சி வாங்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார். இசக்கியம்மாள் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து அண்ணாச்சி, "என்னம்மா?" என்றார்.

"அது அவிய இன்னைக்குப் பூரா குடிக்க வேண்டிய தண்ணி" என்றாள். "டாக்டர் அளந்து குடுக்கச் சொல்லியிருக்காவ. அதுக்கு மேல குடிச்சா நெஞ்சுல ஏறிக்கிடும்."

"விடுட்டி, வேர்த்துப் போயி வந்திருக்காவ" என்றார் சுடலைமுத்து.

அண்ணாச்சி காலிச் செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கமிஷனர் அழக் கூடாது, வேலை இருக்கிறது. முடுக்குக்குள் போய், சக்கரம் படியில் முட்டிய இடத்தில் டேப்பை விரித்து வைத்தேன். அந்த இடுக்கில் பெரிய கேமரா நுழையவில்லை. சின்னதைக் கையில் பிடித்து, தோள் வரை உள்ளே விட்டு எடுத்தேன். அப்புறம் சுடலைமுத்துவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்து பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று. எங்கே நின்று எடுத்தேன், எவ்வளவு தூரம், எந்த உயரம் என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் எழுதினேன். பழைய படத்தையும் அறிக்கையில் சேர்த்து, அதை எங்கே நின்று எடுத்தேன், அதனால் எது தெரியாமல் போனது என்பதையும் எழுதினேன். என் பெயர் கெடும் என்று ஒரு நண்பர் தடுத்தார். கெட்டால் கெடட்டும் என்றிருந்தது.

அன்று ஆறு பேர் பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டோவை வெளியே எடுத்தார்கள். சுடலைமுத்துவை நாற்காலியோடு தெருவுக்குக் கொண்டு போனபோது, நாற்காலியின் ஒரு காலை அண்ணாச்சி பிடித்திருந்தார். அவருடைய வக்கீல் அதைப் படம் எடுத்துவிடாதீர்கள் என்று என்னிடம் கண்ணால் கெஞ்சினார். நான் எடுக்கவில்லை. அது கோர்ட் பார்வையிடச் சொன்ன அம்சங்களில் வராது.

அந்த அறிக்கையின் மேல் வாதம் நடக்கவே இல்லை. படியை இடித்து, வீட்டுக்கு உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொள்வதாக அண்ணாச்சி சமரச மனு கொடுத்தார். கையெழுத்துக்கு முன்பே படியை இடித்தும் விட்டார். கையெழுத்துப் போட வந்த அன்று சுடலைமுத்து ஆட்டோவில் கோர்ட் வளாகத்துக்குள் வந்தார். வீட்டு வாசலிலேயே ஏறி வந்ததாக, ஏதோ விமானத்தில் வந்தவர் மாதிரிச் சொன்னார். நான் இரண்டு தடவையும் எடுத்த படங்களை ஆட்டோவுக்குள்ளேயே கொடுத்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பழைய டி.எஸ்.எல்.ஆர். வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பைக்குள் அடங்குகிறதை வாங்க ஆசையாக இருந்தால் வாங்குங்கள், இடுக்கில் நுழையும். இரண்டில் எதுவும் உங்களைக் காப்பாற்றாது. என்னைக் கெடுத்ததும் அவை இல்லை. நான் நின்ற இடம்தான். அது எனக்கு எவ்வளவு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்பதை, ஆட்டோவில் உட்கார்ந்தபடி சுடலைமுத்துதான் சொன்னார்.

அவர் முதல் படத்தை, அந்த மைதானப் படத்தைத்தான் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டே வைத்துத் தேடி, அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இந்தா இருக்கேன்."

"நானும் பொறவுதான் பாத்தேன்" என்றேன். "வெயிலுக்குக் கைய வச்சிருந்தியளோ?"

"வெயிலா? அன்னைக்கு மேகம் மூடிக் கெடந்துச்சேம்மா, தூறக்கூடச் செஞ்சுதே" என்று சிரித்தார். "ஒங்களத்தான் கூப்ட்டேன். இங்கன வந்து பாருங்கன்னு கையக் காட்டுனேன். ரொம்ப நேரம் காட்டுனேன். நீங்க அந்தச் சின்னப் பெட்டியவே பாத்துக்கிட்டு நின்னிய."